வெறும் வயலின்

ஜனவரி 6, திங்கள்

அன்றன்று செய்த வேலையை அன்றன்றே எழுதி அனுப்ப வேண்டும் என்பது வைத்தியலிங்கம் சாரின் உத்தரவு. மாலையில் நான்கு வரி அனுப்பினேன். அதில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வங்கியின் பயிற்சிப் பிரிவில் வீடியோ, சர்வர் என்று மல்லுக்கட்டுகிற ஒரே ஆள் நான். அலுவலகம் திருச்சி கன்டோன்மென்ட்டில். ஊழியர்கள் பார்த்தே தீரவேண்டிய பயிற்சி வீடியோக்கள் இருநூற்றுச் சொச்சம். இன்று மேலிருந்து ஒரு சர்க்குலர்: மார்ச் கடைசிக்குள் எல்லா வீடியோவும் எல்லா ஊழியருக்கும் பயன்படும்படி இருக்கவேண்டும்.

"எல்லாருக்கும்னா யாருக்கு சார்?" என்றேன்.

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான். சப்டைட்டில் போட்டுரு."

"அது காது கேக்காதவங்களுக்கு. மத்தவங்களுக்கு?"

"தம்பி, சர்க்குலர் அஞ்சு பக்கம். நான் ரெண்டு பக்கம் படிச்சேன். ரெண்டு பக்கத்துக்கு சப்டைட்டில் போதும்."

மோசமான மனிதர் இல்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது. அதற்குள் எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய திட்டம்.

எனக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. பிப்ரவரி 17 அன்று சேர வேண்டும். இங்கே நான்கு வாரம் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும். பொங்கல் முடிந்து வந்ததும் கொடுத்துவிடுவேன். மிச்ச சப்டைட்டிலை அடுத்து வருகிறவன் போடட்டும்.

ஜனவரி 8, புதன்

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றை ஏற்றினேன். தமிழில் அது எழுதுவதைத் திருத்துவதற்குப் பதில் புதிதாகவே எழுதிவிடலாம். ஒரு நல்ல விஷயம்: பல வீடியோக்களில் யாருமே பேசவில்லை. படம் ஓடுகிறது, எழுத்து வருகிறது, பின்னால் வயலின். அந்த மாதிரி இடத்தில் மென்பொருள் 'இசை' என்று மட்டும் போடுகிறது. கடன் விண்ணப்பம் பற்றிய ஒரு வீடியோவில் ஏழு நிமிடமும் 'இசை'. ஒரு சொடுக்கில் முடிந்தது. எல்லா வீடியோவும் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும்.

ஜனவரி 10, வெள்ளி

கண் எரிகிறது. மெஸ்ஸில் இன்றும் அதே குருமா.

ஜனவரி 13, திங்கள்

மேஜை ஃபோன் அடித்தது. உள் எண்.

"வீடியோவ எல்லாருக்கும் ஆக்குறது நீங்கதானா சார்?"

"சப்டைட்டில் போடுறேன் மேடம்."

"நான் பியூலா. ரெண்டாம் மாடி, ஃபோன் பிரிவு. எனக்குக் கண்ணு தெரியாது. சப்டைட்டில வச்சு நான் என்ன பண்றது?"

அவரே தொடர்ந்தார். மார்ச் 22 அன்று கடன் அதிகாரி தேர்வு எழுதுகிறாராம். தேர்வு கம்ப்யூட்டரில், கேள்வி எழுத்தாக இருப்பதால், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துச் சமாளித்துவிடுவார். ஆனால் கேள்விகள் வருவது ஆறு வீடியோக்களிலிருந்து.

"அதுல நாலு வெறும் வயலின் சார். ஏழு நிமிஷம் கேட்டேன். நல்லாத்தான் வாசிக்கிறாங்க. கடன் எப்படிக் குடுக்கணும்னுதான் தெரியல."

"அது என் வேலையில வராது மேடம். எனக்குச் சொன்னது சப்டைட்டில்."

"எட்டு வருஷமா 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு சொல்லிட்டிருக்கேன் சார். அடுத்த தேர்வு வர்றப்ப எனக்கு வயசு தாண்டிடும். இதுதான் கடைசி."

வைத்தியலிங்கம் சாரிடம் பேசச் சொல்லிவிட்டு வைத்தேன். சரியாகத்தான் சொன்னேன்.

ஜனவரி 14, செவ்வாய், அரியலூர்

பொங்கல். அம்மா பெங்களூருக்கு என்று ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருக்கிறது. பிப்ரவரியில் அங்கே குளிராது என்றேன். "உனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிப் பையில் திணித்தது.

ஜனவரி 20, திங்கள்

ராஜினாமா கொடுக்கப் போனேன். அதற்கு முன் அந்த வயலின் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தது தப்பு.

வைத்தியலிங்கம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் தேடினார். "பியூலா எஸ்தர்... இந்தா. எல்லா வீடியோவும் முடிச்சிருக்காங்க. ஒவ்வொண்ணு முடிவுலயும் வர்ற கேள்விக்கு நூத்துக்கு நூறு. உன்னையும் என்னையும் விட நல்லா பாத்திருக்காங்க. பிரச்சனை எங்க இருக்கு?"

மாத அறிக்கையில் 'வசதி தேவைப்படுவோர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பூஜ்யம் போட்டு என் பக்கம் தள்ளினார்.

எனக்கும் புரியவில்லை. மதியம் இரண்டாம் மாடிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், பாதி நாற்காலிகள் காலி. ஐந்து கம்ப்யூட்டர்களில் ஐந்து பயிற்சி வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றிலும் சத்தம் இல்லை. ஒரு பெண் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேஜை மேஜையாக உருண்டு போய், வீடியோ முடிந்த இடத்தில் கேள்விகளுக்கு விடை தட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சமோசா.

"என்ன பண்றீங்க?"

"வீடியோ ஓட்டுறேன். பாத்தா தெரியல?"

"இதெல்லாம் யார் லாகின்?"

"அது டீம் லீடரோடது. அது ஜன்னல்கிட்ட உக்கார்றவரோடது. இது பியூலாவோடது. மாசத்துக்கு ஒரு நாள், பதினோரு பேருக்கும் நான்தான். ஆளுக்கொரு சமோசா கூலி. உங்களுக்கும் ஓட்டணுமா?"

"அந்த வீடியோவெல்லாம் ஏத்துறவனே நான்தான்."

சமோசா பாதி வழியில் நின்றது. பிறகு வாய்க்குப் போனது. "அப்ப நீங்க இங்க வரவே இல்ல. நானும் ஒண்ணும் சொல்லல. ஒண்ணு எடுத்துக்குங்க, சூடா இருக்கு."

அவர் பெயர் தாஹிரா. மூலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்த பெண் என் பக்கம் திரும்பாமலே, "சார் குரல் அன்னிக்கு ஃபோன்ல கேட்டதுதான்" என்றார். பியூலா.

சமோசா நன்றாக இருந்தது. ராஜினாமா நாளைக்கு.

ஜனவரி 21, செவ்வாய்

பியூலாவிடம் நேரடியாகச் சொல்லிவிட்டேன். "நீங்க ஒரு வீடியோவையும் பாக்கலன்னு வைத்தியலிங்கம் சார்கிட்ட சொல்லுங்க. உங்களுக்குன்னு குரல்ல சொல்ற ஆடியோ செய்ய ஆர்டர் வாங்கிடலாம். இல்லன்னா கணக்குல நீங்க எல்லாத்தையும் பாத்தவங்க."

"பாக்கலன்னா யாரு ஓட்டினதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அடுத்தவங்க லாகின்ல உக்காந்தா என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரியும்தானே? அவ வேலைக்கே வேட்டு."

"அப்ப ஆடியோ கிடையாது மேடம். ரெண்டுல ஒண்ணுதான்."

பியூலா சொன்னார்: "அவ எனக்கு மட்டும் பாவம்னு ஓட்டல சார். பதினோரு பேருக்கும் ஓட்டுறதுல எனக்கும் ஓட்டுறா. சமோசா வாங்கிக் குடுக்கலன்னா என்னையும் திட்டுவா. இந்த ஆபீஸ்ல அப்படி இருக்கற ஒரே விஷயம் அது. அதப் போய் நான் சொல்ல மாட்டேன்."

"சரி, வேணாம்னா விடுங்க."

"விட்டுட்டேன்" என்று எழுந்து போனார். சுவரைத் தொடாமல், கதவு கைப்பிடியை ஒரே தடவையில் பிடித்து.

எனக்கு எரிச்சல். அவர் மேல் இல்லை. யார் மேல் என்று யோசிக்க நேரம் இல்லை, இன்னும் நூற்றைம்பது வீடியோக்கள் கிடக்கின்றன.

ஜனவரி 24, வெள்ளி

ராஜினாமாவை அச்சடிக்கப் போனால் பிரிண்டரில் மை இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

புது மைக் ஒன்று வந்தது. சோதித்துப் பார்க்க எதையாவது பேச வேண்டும். அந்தக் கடன் விண்ணப்ப வீடியோ கைக்கு அகப்பட்டது. திரையில் தெரிவதையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பதிவு செய்தேன். சோதனைக்கென்று என் மேஜைக் கம்ப்யூட்டரில் தனி இடம் வைத்திருக்கிறேன், அதில் போட்டேன். வீணாகப் போவானேன் என்று பியூலாவைக் கூப்பிட்டு, மதியம் வந்து கேட்கச் சொன்னேன்.

வந்தார். என் ஹெட்ஃபோனை மாட்டினார். ஒரு நிமிடத்தில் கழற்றினார்.

"'நீலச் சட்டை அணிந்த அதிகாரி புன்னகைக்கிறார்.' அவர் புன்னகைச்சா வட்டி குறையுமா?"

"திரையில இருக்கறதச் சொன்னேன்."

"திரையில நாற்காலி கூடத்தான் இருக்கும். எனக்குத் தேர்வு சார். கட்டம், எண்ணு, எது எதுக்கு அப்புறம் வருது. இத மட்டும் சொல்லுங்க. இன்னொண்ணு, ஏன் இவ்ளோ மெதுவா பேசறீங்க? எனக்குத் தூக்கம் வருது."

வேகத்தைக் கூட்டினேன். இன்னும் என்றார். இன்னும் கூட்டினேன். எனக்குக் கொசு பறக்கிற சத்தம் மாதிரிதான் கேட்டது. அவர் தலையை ஆட்டி, "ம்ம், இப்ப பேசறீங்க" என்றார்.

பொறுமை இல்லாதவன் என்று என்னைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மறுபடி பேசினேன். சட்டை, புன்னகை, பூந்தொட்டி எல்லாம் வெட்டியாகிவிட்டது. வருமானம் எந்தக் கட்டத்தில், அடமானம் எந்தக் கட்டத்தில், அம்புக்குறி எங்கிருந்து எங்கே. பியூலா இரண்டு தடவை கேட்டார்.

"இது பரவால்ல தம்பி."

சார் போய் தம்பி ஆகிவிட்டது.

பெங்களூருக்கு மெயில் போட்டேன்: அறை இன்னும் அமையவில்லை, மார்ச் 10 வரை நேரம் தேவை. சரி என்று விட்டார்கள். அறைதான் காரணம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாட்டிக்கொண்டோம். மதியம் வைத்தியலிங்கம் சார் வந்தபோது என் நாற்காலியில் பியூலா, தலையில் ஹெட்ஃபோன். நான் பக்கத்தில் நின்றபடி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பியூலா போகும்வரை சார் சிரித்த முகமாக இருந்தார். பிறகு: "என்னப்பா இது?"

"அவங்களுக்கு ஆடியோ செஞ்சு பாத்தேன் சார்."

"ஆர்டர் இருக்கா? பயிற்சி வீடியோவ அனுமதி இல்லாம மாத்தறது தப்பு. அந்தம்மாதான் எல்லாத்தையும் முடிச்சிருக்காங்களே, மறுபடி எதுக்குக் கேக்கறாங்க?"

"சார், அவங்க முடிக்கல."

"அப்ப யாரு முடிச்சது?"

பெயர் நாக்கு நுனி வரை வந்தது. மூன்றெழுத்து. சொன்னால் பியூலாவுக்கு ஆர்டர், தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது, எனக்கு வேலை மிச்சம். நியாயமாகப் பார்த்தால் சொல்லியிருக்க வேண்டும்.

"தெரியல சார்" என்றேன்.

சோதனை இடத்தை அழிக்கச் சொன்னார். அவர் முன்னாலேயே அழித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

ஃபோனில் பியூலாவிடம் சொன்னேன். "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தாஹிரா எங்கள் மாடிக்கு வந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேரே வைத்தியலிங்கம் சாரின் கேபினுக்குள் போனார். கதவு முழுவதும் மூடவில்லை.

"பியூலாவுக்கு வீடியோ ஓட்டினது நான்தான் சார். அவளுக்கு மட்டுமில்ல, பதினோரு பேருக்கும். நாலு வருஷமா. அவ ஒண்ணுகூடப் பாத்ததில்ல, அதுல பலது பேசவே பேசாது. அவளுக்கு அந்த ஆடியோவ செஞ்சு குடுங்க."

"ஏம்மா, நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியும் சார். ஒரு வாரமா அவ மதியம் டிபன் பாக்ஸத் தொறந்து, மூடி வச்சிட்டு உக்காந்திருக்கா. எனக்குப் பக்கத்து சீட்டு. என்னால சாப்பிட முடியல."

வைத்தியலிங்கம் சார் பேசுவது கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வருடம் எதுவும் நடக்கக் கூடாது என்று இருந்தவர்.

வெளியே வரும்போது தாஹிரா என் மேஜையருகே நின்றார். "நீங்க சொல்லலயாமே? கேட்டாராமே அவரு."

"தெரியலன்னு சொன்னேன்."

"லூசு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 21, வெள்ளி

உத்தரவு வந்தது. தாஹிராவுக்கு மெமோ, ஒரு வருட இன்க்ரிமென்ட் கிடையாது. வேலை தப்பித்தது, அதற்காக மேலே எழுதி வாங்கிக் கொடுத்தவர் வைத்தியலிங்கம் சார்தான் என்று கேள்வி. ஃபோன் பிரிவில் பதினோரு பேருக்கும் வீடியோக் கணக்கு அழிக்கப்பட்டது. அத்தனையையும் மார்ச்சுக்குள் அவரவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கணக்கை அழித்தவன் நான், என் வேலை அது. படியில் இறங்கும்போது ஜன்னலோர ஆள், "வாங்க சப்டைட்டில், திருப்தியா?" என்றார்.

அறிக்கையின் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் ஒன்று ஆகிவிட்டது. ஆடியோ செய்ய அனுமதியும் வந்தது. வெளியாள் வைக்கப் பணம் இல்லை.

"நீயே பேசிரு தம்பி. உன் குரலுக்கு என்ன குறைச்சல்?" என்றார் வைத்தியலிங்கம் சார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா தேர்வுக்குள்ள முடிஞ்சிருமா?"

"முடிச்சிரலாம் சார்."

ராஜினாமாவைப் பற்றிப் பேச அது நேரமில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

பியூலா தாஹிராவோடு பேசுவதில்லையாம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அழைப்பு வந்தால் வாடிக்கையாளரோடு பேசுகிறார்கள், இல்லாவிட்டால் இரண்டு பேரும் சும்மா இருக்கிறார்கள்.

ஏன் என்று கேட்டேன். எனக்கு வேண்டாத வேலை.

"எல்லாருக்கும் ஓட்டினா, எனக்கும் ஓட்டினா. இப்ப எனக்காக மாட்டிக்கிட்டா. ரெண்டும் ஒண்ணா தம்பி?"

"உங்களுக்கு ஆடியோ கிடைச்சிருக்கு."

"கிடைச்சிருக்கு. வேணாம்னா சொன்னேன்? அனுப்புங்க, கேக்கறேன்."

மார்ச் 3, திங்கள்

பதிவுக்கு இடம்: நான்காம் மாடி ஸ்டோர் ரூம். பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் சுற்றிலும் இருப்பதால் எதிரொலி இல்லை. மின்விசிறி போட்டால் மைக்கில் இரைகிறது, அதனால் அணைத்துவிட வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் செய்த கடன் விண்ணப்பத்தை மறுபடி பேசியாகிவிட்டது. மிச்சம் மூன்று வயலின் வீடியோக்கள்.

மார்ச் 5, புதன்

அடமானப் பத்திரங்கள் பற்றிய வீடியோ. ஒரே அட்டவணை மயம். எண்ணுக்கு எண் சொன்னேன். குரல் கம்மிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

கையெழுத்தும் கைநாட்டும் வாங்கும் முறை பற்றிய வீடியோ. நீளம். நடுவில் அரை நிமிடம் ஒரு பெரியவர், ஒரு அதிகாரி, ஒரு மேஜை. அதிகாரி ஏதோ தாளைப் பிடித்துக்கொண்டு வாயசைக்கிறார், வயலின் உச்சத்துக்குப் போகிறது. எண் இல்லை, கட்டம் இல்லை. அலங்காரம். வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன். பியூலா சொன்ன முறைதான்.

மார்ச் 8, சனி

பெங்களூருக்கு இன்னொரு மெயில். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். மார்ச் 24 கடைசித் தேதி, அதற்கு மேல் இல்லை என்று பதில்.

மாலையில் அம்மா கூப்பிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. "என்னப்பா, என்னைக்குமில்லாம உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கற?"

மார்ச் 11, செவ்வாய்

நான்கும் முடிந்து ஏற்றியாகிவிட்டது. மூச்சு விட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

எதிர்பார்க்காத ஒன்று. ஃபோன் பிரிவில் அந்த நான்கு வீடியோக்களையும் யாரும் பார்ப்பதில்லை. கேட்கிறார்கள். அழைப்பு வந்தால் திரையில் வாடிக்கையாளர் கணக்கு இருக்கவேண்டும், வீடியோ பார்க்க முடியாது. அதனால் ஆடியோவை மட்டும் ஒரு காதில் ஓடவிட்டுப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். மிச்ச வீடியோக்களுக்கும் எப்போது வரும் என்று டீம் லீடர் கேட்டு எழுதியிருக்கிறார். வைத்தியலிங்கம் சார் அந்தக் கட்டத்தில் ஒன்றை அடித்துவிட்டுப் பதினொன்று போட்டார்.

கேன்டீனில் நான் தட்டோடு நடந்தால் பின்னாலிருந்து என் குரலிலேயே வருகிறது: "அம்புக்குறி வலது பக்கம் நகர்கிறது." ஜன்னலோர ஆள்தான். "மூன்றாவது கட்டத்தில் நிற்கிறது. வடை எடுக்கிறது." எல்லோரும் சிரித்தார்கள். தாஹிராவும். அடுத்த மேஜையில் பியூலா. அவர் வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

மார்ச் 19, புதன்

ஸ்வெட்டரை அரியலூருக்கே அனுப்பிவிடலாமா என்று பார்க்கிறேன். அறையில் இடத்தை அடைக்கிறது.

மார்ச் 22, சனி

விடுமுறைதான். சர்வர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வந்தேன். தேர்வு மூன்றாம் மாடியில். வெளியே படிக்கட்டில் தாஹிரா உட்கார்ந்திருந்தார், மடியில் எண்ணெய் படிந்த காகிதப் பொட்டலம்.

"சர்வர் பாக்க வந்தேன். நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"சர்வர் பாக்க" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் படிக்கட்டின் பாதிவரை ஏறியிருந்தது.

"அவ என்கிட்ட பேசலன்னா பரவால்ல" என்றார். "பாஸ் பண்ணட்டும். பண்ணாம பேசாம இருந்தாதான் கஷ்டம்."

முதலில் ஓர் ஆள் வந்தார், பிறகு கூட்டமாக வந்தார்கள். கடைசியில் பியூலா, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எங்கள் படிக்கு வந்ததும் நின்றார். சமோசா வாசனைதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"எப்டிடீ எழுதுன?" என்றார் தாஹிரா.

பியூலா கையை நீட்டி, "பசிக்குது" என்றார்.

தாஹிரா பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் காகிதம் கிழிந்து ஒரு சமோசா படியில் உருண்டது. நான் எடுத்துக்கொண்டேன். இருவரும் சாப்பிட்டார்கள்.

மார்ச் 24, திங்கள்

வழக்கம்போல் இங்கேயே அலுவலகம் போனேன்.

மார்ச் 25, செவ்வாய்

பெங்களூரிலிருந்து ஒரு மெயில். பதில் எழுதத் தேவையில்லாத மெயில்.

பெங்களூர் இல்லை என்று ஃபோனில் சொன்னதும் அம்மா ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியா?" என்றது.

மார்ச் 31, திங்கள்

சப்டைட்டில் எல்லா வீடியோவுக்கும் முடிந்தது. வயலின் வீடியோக்கள் மட்டும் இன்னும் அறுபதுக்கு மேல், பேச ஆளில்லாமல் கிடக்கின்றன. சர்க்குலரின் மிச்ச மூன்று பக்கங்களையும் வைத்தியலிங்கம் சார் இன்றுதான் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

முடிவு வந்தது. பியூலா பாஸ். மே மாதம் லால்குடி கிளைக்குக் கடன் அதிகாரி.

மேஜை ஃபோன் அடித்தது. இரைச்சலான இடம், பின்னால் தாஹிரா யாரிடமோ காசு வசூல் செய்துகொண்டிருந்தார், பார்ட்டிக்கு.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்க வந்தா அதிகாரி முதல்ல என்ன செய்யணும்னு ஒரு கேள்வி வந்தது. உங்க ஆடியோவுல அது இல்லையே? நாலையும் திருப்பித் திருப்பிக் கேட்டவ நான்."

"நீங்க என்ன போட்டீங்க?"

"பத்திரத்த அவருக்கு முழுசா வாசிச்சுக் காட்டணும்னு போட்டேன். சரிதான். ஆனா வீடியோவுல இருந்துதா இல்லையா?"

திறந்து பார்த்தேன். பெரியவர், அதிகாரி, மேஜை. அதிகாரி வாயசைக்கிறார். ஏதோ தாள் இல்லை, கடன் பத்திரம். ஏதோ வாயசைப்பும் இல்லை, அதை அவருக்கு வாசிக்கிறார். அதை அமுக்கிக்கொண்டு வயலின் வேறு.

"இருந்தது. அலங்காரம்னு வெட்டிட்டேன்."

ஃபோனில் தாஹிரா யாரிடமோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் நீங்க எப்படிச் சரியாப் போட்டீங்க?" என்றேன்.

"எனக்கு அத யாரு சொல்லித் தரணும் தம்பி?" என்றார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "அடுத்து எழுதறவங்களுக்குத் தேவைப்படும். சேத்துருங்க."

"நாளைக்குச் செஞ்சிடறேன்."

"நாளைக்கு சனிக்கிழமை."

"சர்வர் பாக்க வருவேன் அக்கா."

ஏப்ரல் 5, சனி

ஸ்டோர் ரூம். மின்விசிறியை அணைத்தேன். எட்டுத் தடவை பேச வேண்டியிருந்தது. வேகமாகப் பேசிப் பழகிவிட்ட வாய், இதற்கு ஒத்துவரவில்லை. கடைசியில் பதிவானது:

'பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. அதிகாரி பத்திரத்தைக் கையில் எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அவருக்கு வாசித்துக் காட்டுகிறார். பெரியவர் ஓரிடத்தில் கையை உயர்த்துகிறார். அதிகாரி நிறுத்தி, அந்த இடத்தை மறுபடி வாசிக்கிறார். பெரியவர் தலையசைக்கிறார். அதற்குப் பிறகுதான் அதிகாரி மைப்பெட்டியைத் திறக்கிறார்.'